பெரட்டில் இல்லாத பெயர்

காலை ஐந்தே முக்காலுக்கு ஹேமநாதன் பெயர் வாசிப்பான். மலேசியாவில் பகாவ் டவுனிலிருந்து பதினெட்டுக் கிலோமீட்டர் உள்ளே, செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருக்கும் அந்தத் தோட்டத்துக்கு அவன்தான் கிராணி, அதாவது கணக்கப்பிள்ளை. ஆபீஸ் முன்னால் இருக்கும் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கிளிப் அட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஐம்பத்து மூன்று பெயர்களையும் அவன் ஒன்றொன்றாகச் சொல்ல வேண்டும். இதற்குப் பெரட்டு என்று பெயர். வெள்ளைக்காரத் துரை ஏற்படுத்திய வழக்கம். துரை போய்விட்டான், பெரட்டு போகவில்லை. பெயரைச் சொன்னதும் ஆள் "அடா" என்பான். மலாய் மொழியில் 'இருக்கிறேன்' என்று அர்த்தம். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் பெயருக்கு நேரே ஒரு வட்டம் போட வேண்டும். வட்டம் விழுந்துவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் இல்லை. ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீட்டில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும் இல்லைதான்.

ஐம்பத்து மூன்றில் நாற்பத்தாறு பேர் பங்களாதேசிகளும் இந்தோனேசியர்களும். மிச்சம் ஏழு பேர் நம்மவர்கள். எல்லாப் பெயரும் அட்டையில் உண்டு. வாசிக்கிறவனுடைய பெயர் மட்டும் அதில் கிடையாது. கிராணியின் பெயரை யார் கூப்பிடுவார்கள்? அவன் வந்துவிட்டான் என்பதற்கு அவன் போடும் சத்தமே போதும்.

அம்மா இருந்தவரை வீட்டுக்குள்ளாவது அந்தப் பெயர் புழங்கியது. அவள் போய் நான்கு வருஷம் ஆகிறது. களத்தில் அவன் "கிராணி". ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மாயாண்டிக்கும் கிராணிதான். பக்கத்து வீட்டு முத்தாயிக்கு "தம்பி". பெண் பார்க்கப் போன மூன்று இடங்களிலும் "தோட்டத்துலயா இருக்கீங்க?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றான். பலகாரம் நன்றாக இருந்தது, பேச்சு அத்தோடு முடிந்தது. இப்போது அவனுக்கு முப்பத்தொன்பது வயது.

ஆனால் இவனைப் பார்த்து ஐயோ பாவம் என்று சொல்லிவிடாதீர்கள். எட்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், இவன் ஒரு ராஜ்ஜியத்தையே நடத்தியவன்.

சிரம்பானில் ஒன்றாகப் படித்த சிநேகிதர்கள் மூன்று பேர் இருந்தார்கள். நுஃமானின் அப்பாவுக்கு அங்கேயே தெமியாங் பக்கம் சாப்பாட்டுக் கடை. கோலாலம்பூருக்குப் படிக்கப் போன நுஃமான் பட்டத்தோடு ஒரு தடிப் புத்தகத்தையும் பை நிறைய விசித்திரமான பகடைகளையும் கொண்டுவந்தான். நான்கு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று பகடைகள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை ஆட்டம். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் வேடம் எடுக்காமல் கதையை நடத்துவார். "முன்னால ஒரு ஆறு, பாலம் இல்ல. நீ என்னா செய்யுற?" என்று அவர் கேட்பார். ஆடுகிறவர் சொல்வார். முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்லும். கதை மேலே போகும்.

யார் நடத்துவது என்று பேச்சு வந்தபோது மூன்று பேரும் ஹேமநாதனைக் கை காட்டினார்கள். "கிராணிக்குத்தான்டா தொண்டை இருக்கு," என்றான் திருச்செல்வம். அன்றைக்கு விளையாட்டாக ஹேமநாதன் ஆபீஸ் கிளிப் அட்டையையே எடுத்துப் போய், ஆட்டம் தொடங்குமுன் பெரட்டு வாசித்தான். "நுஃமான்!" "அடா!" "புனிதா!" "அடா லா!" "திருச்செல்வம்!" மேசையில் ஒரு குத்து விழும், அதுதான் அவன் பதில். அப்புறம் பெரட்டு இல்லாமல் ஆட்டம் தொடங்கியதே இல்லை.

கடையின் மாடியில், கீழே இருந்து மீன் கறி வாசம் ஏறி வர, நுஃமான் மந்திரம் மறந்துபோகும் மந்திரவாதியாக இருந்தான். புனிதா படகோட்டி, கூடவே கொஞ்சம் திருட்டு. திருச்செல்வம் கோடாரி வீரன். கேள்வி கேட்குமுன்னே வெட்டிவிடுவான். மற்ற அத்தனை பேரும் ஹேமநாதன். ராஜாவும் அவன்தான், சுங்கச்சாவடிக்காரனும் அவன்தான், பேயும் அவன்தான். ஒரு பாலத்தில் வழிமறித்து நியாயம் பேசுகிற ஆடு ஒன்று இருந்தது. அதற்கு அவன் கொடுத்த குரலைக் கேட்டுப் புனிதா சிரித்துச் சிரித்து மூக்கில் தேத்தண்ணீர் ஏறி, கீழேயிருந்து நுஃமானின் அத்தா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

அப்புறம் நோய்க்காலம் வந்து ஊரை அடைத்தது. திறந்தபோது புனிதாவுக்கு ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட், மடியில் குழந்தை. திருச்செல்வம் ஜொகூருக்கு லோரி ஓட்டப் போனான். அத்தா படுத்த படுக்கையாக, கடை நுஃமானின் தலையில் விழுந்தது. ஐந்து வருஷம் ஆகிவிட்டது. 'பெரட்டு' என்ற பெயரில் இருந்த வாட்சப் குழுவில் தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம், பெருநாளுக்கு ஒரு பிறைப் படம். வேறொன்றும் வருவதில்லை.

ஹேமநாதன் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தான். புனிதா சொன்னாள், "ஆறு மணி நேரம் அந்த ஆட்டத்துல என்னால உட்கார முடியாது லா." திருச்செல்வம், "ரூல்ஸ் எல்லாம் மறந்துடுச்சு மச்சான், எவ்ளோ பெரிய பொஸ்தகம் அது." நுஃமான், "பொஸ்தகத்தக் கரையான் தின்னுடுச்சு." வேறு யாராக இருந்தாலும் இதெல்லாம் மரியாதையாக வழி அனுப்பும் பேச்சு என்று புரிந்துகொண்டிருப்பார்கள். நம்ம ஆள் கிராணி. யார் எதைச் சொன்னாலும் அப்படியே எழுதிக்கொள்கிறவன். ஆறு மணி நேரம், தடிப் புத்தகம், நிறைய விதி. மூன்று பேருமே குறையை ஆட்டத்தின் மேல்தானே சொல்லியிருக்கிறார்கள்? அப்படியானால் ஆட்டத்தை மாற்றினால் போதும்.

அன்றிலிருந்து வேறு ஆட்டம் தேடத் தொடங்கினான்.

உலகத்தில் இத்தனை கதை ஆட்டங்கள் இருக்கின்றன என்பது அவனுக்கு அதுவரை தெரியாது. தினமும் ஆபீஸ் முடிந்து வந்து, சோற்றை வைத்துவிட்டு ஃபோனில் தேடுவான். நல்லதாகத் தெரிந்ததை பகாவ் டவுனில் ஒரு கடையில் அச்சடித்துக்கொண்டு வருவான். கடைக்காரப் பெண் இரண்டாவது தடவையே "டீச்சரா அண்ணே?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டான். விளக்கிச் சொல்வதைவிட அது சுலபம்.

ஒரு ஆட்டம் ஒரே பகடையில் முடிந்துவிடும், படு சுலபம். ஆனால் தனியாக ஆடிப் பார்த்ததில் முதல் அரைமணியிலேயே வேடங்கள் எல்லாம் செத்துப் போயின. இன்னொன்றில் பகடையே கிடையாது, சீட்டுத்தான். சீட்டை எடுத்தால் "உன் மனத்தில் யாரிடமும் சொல்லாத பயம் எது?" என்று கேட்டது. திருச்செல்வம் லோரியை எடுத்துக்கொண்டு ஓடியே போய்விடுவான். மூன்றாவது, தூரத்தில் இருப்பவர்கள் கடிதம் எழுதியே ஆடுவது. நுஃமான் வாட்சப்பிலேயே கட்டைவிரல் படம் மட்டும் அனுப்புகிறவன்.

நான்காவது ஒன்று கிடைத்தது. ஒரே ஒரு ஆள் ஆடுவது. ஒரு சீட்டுக்கட்டு, ஒரு நோட்டு, மூடிய அறை போதும். ஆடியவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அருமை என்று எழுதியிருந்தார்கள். அதையும் அச்சடித்தான். வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைப் படித்தான். "உங்களுக்கு வேறு யாரும் தேவையில்லை" என்று தொடங்கியிருந்தது. ஹேமநாதன் அதை மடித்து, அம்மாவின் மருந்துச் சீட்டுகள் கிடக்கும் மேசை டிராயருக்குள் போட்டுச் சாத்தினான். அவன் மேல் யாரோ பழி போட்ட மாதிரி அவனுக்குக் கோபம் வந்தது.

கடைசியில் வந்து சேர்ந்தது பதினெட்டே பக்கம். இரண்டு மணி நேரத்தில் முடியும். விதிகள் ஒரு பக்கம்தான். அத்தோடு, அதில் கதை நடத்துபவர் என்று யாரும் கிடையாது. நான்கு பேருக்கும் வேடம் உண்டு. உனக்கு இடது பக்கம் இருப்பவர் உன்னைப் பார்த்து "நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்பார். நீ சொல்லிவிட்டு உன் வலது பக்கம் திரும்பி அடுத்தவரைக் கேட்க வேண்டும். அப்படியே சுற்றிச் சுற்றி வரும்.

ஹேமநாதன் அந்த வரியை மூன்று தடவை படித்தான். எட்டு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவன் ஆயிரக்கணக்கில் கேட்டிருப்பான். அவனைப் பார்த்து ஒரு தடவை கூட யாரும் கேட்டதில்லை. யாராவது தன்னைக் கேட்கவேண்டும் போல அவனுக்கு இருந்திருக்கிறது. அது இருந்தது என்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. ஒரே ஒரு வேடம் வேண்டும். அவன் என்ன செய்யப்போகிறான் என்று மூன்று பேர் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது. இதை இந்த வயதில் வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஆட்டம் சரியாக வருமா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடத்தில் நான்கு நாற்காலி போட்டான். நுஃமான் நாற்காலியில் உட்கார்ந்து நுஃமான் மாதிரி இழுத்து இழுத்துப் பேசினான். எழுந்து போய்ப் புனிதா நாற்காலியில் உட்கார்ந்து "யேய், அது என்னோட படகு லா!" என்றான். அடுத்ததில் உட்கார்ந்து மேசையைக் குத்தினான். மூன்று பேரும் என்ன சொல்வார்கள் என்பது அவனுக்கு அத்துப்படி. நான்காவது நாற்காலிக்கு வந்து, "நீ என்ன செய்கிறாய்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு, காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. ராஜாவுக்கும் ஆட்டுக்கும் நொடியில் பெயர் வைத்தவனுக்குத் தனக்கு ஒரு பெயர் வைக்கத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டினார்கள். முத்தாயி ஒரு தட்டில் உளுந்து வடையும் நான்கு கிளாஸ் கோப்பியும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கூட்டாளிங்க வந்திருக்காங்களா தம்பி? சத்தம் கேட்டுச்சு. பொம்பளப் புள்ள குரலும் கேட்டுச்சு," என்றாள், முகமெல்லாம் மலர.

ஹேமநாதன் பின்னால் திரும்பி நான்கு நாற்காலியையும் பார்த்தான். "இப்பதான் கெளம்பிப் போனாங்க அக்கா," என்றான்.

"மோட்டர் சத்தமே கேக்கலையே?"

"நடந்து போயிட்டாங்க."

பதினெட்டுக் கிலோமீட்டர் நடந்து போன கூட்டாளிகளைப் பற்றி முத்தாயி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான்கு கிளாஸையும் அவனே குடித்தான். வீணாக்கக் கூடாது அல்லவா.

குழுவில் செய்தி போட்டான். புது ஆட்டம், ரெண்டே மணி நேரம், ஒரு பக்கம்தான் ரூல்ஸ், பொஸ்தகம் நானே கொண்டு வரேன். குறை சொல்ல அவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் செய்திருந்தான். அரை நாள் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் நுஃமானின் கட்டைவிரல் வந்தது. அடுத்த நாள் புனிதா, "சண்டே எனக்கு ஓஃப்." திருச்செல்வம் கடைசியாக, "வரேன் மச்சான்."

அந்த ஞாயிறு ஹேமநாதன் குவாலா பிலா வழியாக, புக்கிட் புத்துஸ் மலைப்பாதையில் மழைச் சட்டையோடு மோட்டர் சைக்கிளில் சிரம்பானுக்கு வந்தான். பைக்குள் பிளாஸ்டிக் உறையில் நான்கு வேடத் தாள்கள் இருந்தன. மூன்றில் பழைய பெயர்களை எழுதியிருந்தான். நான்காவதில் பெயர் இடம் காலி. அவர்கள் முன்னால் அப்போதைக்கு எது வாயில் வருகிறதோ அதை எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். கிளிப் அட்டையில் பெரட்டுத் தாள். நுஃமான், புனிதா, திருச்செல்வம். அதற்குக் கீழே, முதல் முதலாக, ஹேமநாதன்.

கடை மாடி இப்போது சாமான் அறை. அரிசி மூட்டைகளையும் எண்ணெய் டின்களையும் ஒதுக்கி நுஃமான் ஒரு மேசைக்கு இடம் பண்ணியிருந்தான். வந்தார்கள், மூன்று பேரும் வந்தார்கள். திருச்செல்வத்துக்குத் தொப்பை போட்டிருந்தது. புனிதா கண்ணாடி போட்டிருந்தாள். கட்டிப்பிடித்து, முதுகில் அடித்து, தேத்தண்ணீர் வந்து, ரொட்டி சானாய் வந்து, அரைமணி நேரம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

ஹேமநாதன் அட்டையை எடுத்தான். "பெரட்டு!" என்றான். உடனே மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நுஃமான்!"

"அடா!"

"புனிதா!"

"அடா லா!"

"திருச்செல்வம்!"

மேசை அதிர்ந்தது, தேத்தண்ணீர் தளும்பியது. "ஆரம்பிடா மச்சான்! எங்க விட்டோம்? அந்தப் பாலத்துலதானே?" என்று திருச்செல்வம் கத்தினான். நான்காவது பெயருக்கு ஹேமநாதன் திறந்த வாய் அப்படியே நின்றது.

"இல்ல, இது புது ஆட்டம்லா," என்று தாள்களை எடுத்து வைத்தான். "இதுல நடத்துறவன் யாரும் இல்ல. ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கணும். இதுல நானும் ஒரு ஆளு."

மூன்று பேரும் தாளைப் பார்த்தார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நீயா?" என்று புனிதா சிரித்தாள். "நீதான் எல்லா ஆளுமாச்சே லா! உனக்கு எதுக்கு தனியா ஒண்ணு?"

"ஆமா ஹேமா, நாங்க என்னாத்த ஒருத்தர ஒருத்தர் கேக்குறது? எனக்குக் கதை சொல்லவா தெரியும்?" என்றான் நுஃமான். "நாள் பூரா கீழ ஆர்டர் கேட்டுட்டு வரேன். இங்க வந்து நீ சொல்ல, நான் கேட்டுட்டு உட்காந்திருக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

"அந்த ஆடு இன்னும் பாலத்துலதானே நிக்குது?" என்றாள் புனிதா. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களைப்பும் அப்படி ஒரு ஆசையும் இருந்தது. "ஹேமா, அந்த ஆட்டக் கொண்டு வா லா. அஞ்சு வருஷம் ஆச்சு நான் அப்படிச் சிரிச்சு."

அவர்கள் அவனை நேசித்தார்கள். அதில் சந்தேகமே வேண்டாம். அந்த நேசத்தோடு எப்படிச் சண்டை போடுவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. நான்காவது தாளை மெல்ல மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, மூக்கால், இழுத்து, கேட்டான்: "யாருங்காணும் அது, அஞ்சு வருஷமா என்னைப் பாலத்துலயே நிக்க வெச்சுட்டுப் போனது?"

புனிதா மேசையில் முகம் புதைத்துக்கொண்டு சிரித்தாள். திருச்செல்வம் கோடாரியைத் தூக்கிவிட்டான்.

இரண்டு மணி நேரம் என்றது நான்கு மணி நேரம் போயிற்று. அவ்வளவு நன்றாக அவன் எப்போதுமே நடத்தியதில்லை. பழைய விதிகள் யாருக்கும் மறக்கவே இல்லை, எல்லாம் நினைவிருந்தது. பிரியும்போது மூன்று பேரும் "அடுத்த மாசமும் கட்டாயம்" என்றார்கள். அது நடக்கும் என்று அவனும் நம்பினான். ஒரு குறையும் இல்லை. மலைப்பாதையில் திரும்பி வரும்போது ஒரு வளைவில் மோட்டரை ஓரம் கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே கொஞ்ச நேரம் அழுதான். எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான். யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு, நேற்றைய சட்டையோடேயே களத்தில் நின்றான். மழை விட்டு மண் வாசம் அடித்தது. ஆபீஸ் விளக்கு வெளிச்சத்தில் பெயர்களை வாசித்தான். ஒன்றுக்குப் பின் ஒன்றாக "அடா" வந்தது. ஐம்பத்து மூன்றாவது பெயரும் முடிந்து தாளைப் புரட்டினான். அடியில் நேற்றைய தாள் அப்படியே இருந்தது. எடுத்து வைக்க மறந்திருந்தான். நான்கு பெயர். மூன்று கூப்பிட்டாகிவிட்டது.

ஏன் வாசித்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது.

"ஹேமநாதன்!"

வரிசை சும்மா நின்றது.

"ஹேமநாதன்!"

ஆட்கள் கழுத்தைத் திருப்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ட்ராக்டர் பக்கம் நின்ற மண்டோர் மாயாண்டிக்கு மட்டும் அந்தப் பெயர் தெரியும். அவர் சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பிறகு தன் பூட்ஸைப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஹேமநாதன்."

மூன்றாவது தடவைக்குக் குரல் சற்று இறங்கியிருந்தது. பேனா பெயருக்கு நேரே போய் நின்றது. அப்போது பின் வரிசையிலிருந்து ரஃபீக் கையைத் தூக்கினான். வந்து ஆறு வருஷமான பங்களாதேசிப் பையன். கிராணியிடம் கற்ற தமிழை கிராணியிடமே பேசுகிறவன்.

"கிராணி, இந்த ஆள் தாக் அடா, இல்ல," என்றான். "புது ஆளா? சீக்கா இருக்கும் கிராணி. நான் லயத்துல போய்த் தேடிக் கூட்டி வரேன்?"

சொன்னதோடு நிற்காமல் வரிசையை விட்டு இரண்டு அடி எடுத்தும் வைத்துவிட்டான்.

தெமியாங் மாடியில் கிடைக்காதது இந்த ஈரக் களத்தில் கிடைத்தது: யார் என்று தெரியாமலேயே இவனைத் தேடிப் போக ஒருவன் காலை எடுத்து வைத்துவிட்டான்.

"வேணாம் பாய்," என்றான் ஹேமநாதன். "வருவாரு."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினான். அங்கே நேற்று மடித்து வைத்த வேடத் தாள் விரலில் தட்டியது. பெயருக்கு நேரே வட்டம் போடாமல், அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, அட்டையை மூடினான்.